கனூப் பிரயாணமும் தூளிப் படுக்கையும்

கனடா தேசத்தின் ஒன்டாரியோ மாகாணத்தில், டொராண்டோ நகரத்திலிருந்து வடக்கு நோக்கி மோட்டாரில் ஏறத்தாழ மூன்று மணி நேரம் சென்றால், அல்கோன்குவின் என்னும் பெரிய வனப் பூங்காவை அடையலாம். 1893ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று, 7,600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்து கிடக்கும் அப்பூங்காவின் தென்பகுதியை ஒரு நெடுஞ்சாலை ஊடறுத்துச் செல்கிறது. அதற்கு அப்பால் உள்ள பிரதேசத்தைக் காண விரும்புகிறவர்கள் கால்நடையாகச் செல்ல வேண்டும், அல்லது கனூவேறிச் செல்ல வேண்டும். கனூ என்பது இரு முனைகளும் கூம்பி, நடுவில் அகன்று, ஒருவரோ இருவரோ துடுப்பு வலித்துச் செலுத்தக்கூடிய இலேசான படகு. ஓர் ஏரி முடிந்து மற்றோர் ஏரி தொடங்கும் வரையில் இடையிலுள்ள காட்டுப் பாதையில், அதுவரை நம்மைச் சுமந்து வந்த படகை நாம் கவிழ்த்துத் தோள்மேல் ஏற்றிச் சுமந்து நடக்க வேண்டும். அப்படிச் சுமந்து கடக்கும் வழிக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். இவ்வாறு நீரும் நிலமும் மாறி மாறி வரும் கனூ வழிகள் அப்பூங்காவில் மட்டும் 2,000 கிலோமீட்டர் அளவுக்கு உண்டு.

துடுப்பை எப்படிப் பிடிப்பது, எதிர்காற்றில் படகின் முகத்தை எவ்வாறு திருப்புவது, போர்ட்டேஜில் சுமையை எப்படிப் பங்கிடுவது என்று பகற்பொழுதுக்குரிய வித்தைகளைக் கற்பிக்கும் நூல்கள் பல இருக்கின்றன. இரவில் எதன்மேல் படுப்பது என்ற விஷயத்தை மட்டும், கூடாரம் ஒன்று வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று பலரும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் நாள் முழுவதும் துடுப்பு வலித்தவனுக்கு இரவில் நித்திரை கெட்டுப்போனால், மறுநாள் அலை புரளும் ஏரியைக் கடப்பதற்கு வேண்டிய பலமும், ஈரப் பாறையில் வழுக்காமல் காலூன்றுவதற்கு வேண்டிய நிதானமும் அவனிடம் குறைந்துவிடும். ஆகவே காட்டில் படுக்கையைச் சௌகரியத்தைச் சேர்ந்த விஷயமாக எண்ணாமல், க்ஷேமத்தைச் சேர்ந்த விஷயமாகவே எண்ண வேண்டும்.

கனூ யாத்திரீகர்கள் விரும்பிச் செல்லும் நீர்வழிகளில் பெரும்பாலானவை கனடியன் ஷீல்டு என்று புவியியலார் கூறும் மிகப் பழமையான பாறை நிலத்தில் அமைந்தவை. அல்கோன்குவினும், அதற்கு மேற்கே வெகு தொலைவிலுள்ள குவெட்டிகோ பூங்காவும், எல்லைக்குத் தெற்கே அமெரிக்காவின் மின்னசோட்டா ராஜ்யத்தைச் சேர்ந்த பவுண்டரி வாட்டர்ஸ் என்னும் வனப்பகுதியும் அந்நிலத்தின் அங்கங்களே. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே கவிந்திருந்த பனிப்பாளங்கள் நகர்ந்து நகர்ந்து மேல்மண்ணைச் சுரண்டிக்கொண்டு போயின. பாறையைக் குடைந்து பள்ளமாக்கிய இடங்களில் நீர் தேங்கி ஏரிகளாயிற்று. மேடாக நின்ற இடங்களில் சில அங்குல ஆழத்துக்கு மட்டுமே மண் படிந்து, அந்த மெல்லிய மண்ணில் மரங்கள் ஆழ வேரூன்ற வழியின்றித் தங்கள் வேர்களைப் பாறைமேல் பக்கவாட்டில் பரப்பிப் பிழைத்துக்கொண்டன. அந்த நாட்டின் அழகு முழுவதற்கும் இதுவே காரணம். அங்கே தரையில் படுப்பவனுடைய துயரம் முழுவதற்கும் இதுவே காரணம்.

கூடாரத்துக்கு வேண்டியவை மூன்று: சமனான தரை, முளையை ஏற்கும் மண், மழைநீர் தேங்காமல் ஓடும் வாட்டம். ஷீல்டு நாட்டின் ஏரிக்கரையில் இவை மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் அருமையிலும் அருமை. சரிவான கருங்கல்லில் முளை இறங்காது. கயிறுகளைக் கற்களில் கட்டி நிறுத்த வேண்டும். மண் இருக்கும் இடத்திலே வேர்கள் முதுகின் குறுக்கே ஓடும். இரண்டும் இல்லாத சிறு சமதரை கிடைத்தால், அது பெரும்பாலும் சுற்றிலுமுள்ள பாறையிலிருந்து வடியும் மழைநீர் வந்து சேரும் பள்ளமாக இருக்கும். அல்கோன்குவினிலும் பவுண்டரி வாட்டர்ஸிலும் நினைத்த இடத்தில் தங்கவும் அநுமதி இல்லை. அல்கோன்குவினின் உட்பகுதியில் ஆரஞ்சு நிறப் பலகை அறைந்த இடங்களிலும், பவுண்டரி வாட்டர்ஸில் அடுப்புக்குரிய இரும்புச் சட்டம் பதித்த இடங்களிலும்தான் முகாமிட வேண்டும். ஆண்டுதோறும் வருகிறவர்கள் எல்லோரும் அம்முகாமிலுள்ள ஒரே சமதரையில் கூடாரம் அடித்து அடித்து, அந்த மண் மிதிபட்டு இறுகி, மழைநீரை உள்வாங்கும் சக்தியையே இழந்துபோயிருப்பதை எத்தனையோ முகாம்களில் பார்க்கலாம். அதிலே பெருமழை பெய்தால் கூடாரத்தின் கீழே நீர் தேங்காமல் என்ன செய்யும்?

இந்த நிலையில்தான், தரையையே நம்பாமல் மரங்களை நம்பும் படுக்கை ஒன்று யாத்திரீகர்களின் மனத்தைக் கவர்ந்திருக்கிறது. நம் வீடுகளில் உத்தரத்திலிருந்து புடவையைத் தொங்கவிட்டுக் குழந்தையை உறங்கச் செய்கிறோமே, அந்தத் தூளியைப் பெரியவர் உடலுக்கு ஏற்றவாறு பதினோரு அடி நீளத்துக்கு நீட்டி, இரு முனைகளையும் சுருக்கிக் கூட்டி, இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டியது போன்றது அது. ஆங்கிலத்தில் ஹாமக் என்பார்கள். இங்கே அதைத் தூளி என்றே குறிப்பிடுகிறேன். தூளிக்குக் கீழே பாறை இருந்தால் என்ன, வேர் இருந்தால் என்ன, சரிவு இருந்தால்தான் என்ன? சரியான இடைவெளியில் இரண்டு நல்ல மரங்கள் நின்றால் போதும்; ஷீல்டு நாட்டிலே மரத்துக்குப் பஞ்சமில்லை.

இது புதிய நாகரிகத்தின் கண்டுபிடிப்பு அன்று. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் கரீபியன் தீவுகளில் இறங்கியபோது, அங்கே வாழ்ந்த டைனோ மக்கள் பருத்தி நூலால் பின்னிய வலைகளைக் கம்பங்களுக்கு இடையே கட்டி உறங்கியதைக் கண்டு குறித்து வைத்தார். ஈரத் தரையிலிருந்தும், ஊர்வனவற்றிடமிருந்தும் உயர்ந்து உறங்குவதற்கு வெப்ப நாட்டு மக்கள் கண்டறிந்த அந்த உபாயத்தை ஐரோப்பிய மாலுமிகள் தங்கள் கப்பல்களுக்கு எடுத்துச் சென்றார்கள். ஆங்கிலேயக் கடற்படையில் ஒரு மாலுமிக்கு 14 அங்குல அகலமே தூளி கட்டுவதற்கு ஒதுக்கப்பட்டிருந்தது என்பதும், பகலில் அத்தூளிகளைச் சுருட்டிக் கப்பலின் மேல்தள ஓரங்களில் அடுக்கி எதிரியின் துப்பாக்கிக் குண்டுகளுக்கு அரணாக வைத்தார்கள் என்பதும் சரித்திரம். இரண்டாம் உலக மகா யுத்தத்தின்போது அமெரிக்கச் சேனையினர் பசிபிக் பிரதேசக் காடுகளில் போரிடச் சென்றபோது, மழையைத் தடுக்கும் கூரையும் கொசுவலையும் ஒன்றாகத் தைத்த காட்டுத் தூளிகள் அவர்களுக்கு வழங்கப்பட்டன. இன்று கனூ யாத்திரீகர்கள் பயன்படுத்தும் தூளிக்கு நேரான முன்னோர் அதுவே எனலாம்.

கனூ நாட்டின் பழைய பிரயாணிகளோ தூளியை அறியாதவர்கள். பர்ச் மரப்பட்டையால் கனூ கட்டும் கலையில் வல்லவர்களான அனிஷினாபே முதலிய பழங்குடியினர் மரப்பட்டைகள் போர்த்த குடில்களில் வாழ்ந்தார்கள். தோல் வாணிபத்தின் காலத்தில் கம்பளிகளையும் இரும்புச் சாமான்களையும் ஏற்றிச் சென்று மென்மயிர்த் தோல்களை ஏற்றி வந்த பிரெஞ்சுக்காரப் படகோட்டிகள், 90 பவுண்டு எடையுள்ள மூட்டைகளை இரண்டிரண்டாக முதுகில் சுமந்து போர்ட்டேஜ்களைக் கடந்தபின், கரையில் கவிழ்த்த தங்கள் பெரிய கனூவின் நிழலிலேயே தலையை நுழைத்து உறங்கினார்கள். அவர்களுக்குப் பின் வந்த தலைமுறைகள் கித்தான் கூடாரத்தைச் சுமந்தன. அல்கோன்குவின் காட்டைத் தன் சித்திரங்களால் கனடா மக்களின் உள்ளத்தில் நிலைநிறுத்தி, 1917இல் அங்குள்ள கனூ ஏரியில் உயிர்நீத்த டாம் தாம்ஸனும் கித்தான் கூடாரவாசியே. அந்தப் பரம்பரையில் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் மதிப்பு வேறு, முதுகுவலி வேறு.

தூளியைக் குறை கூறுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் சொல்லும் குற்றச்சாட்டு, அதில் படுத்தால் உடல் வாழைக்காய் போல் வளைந்துவிடும் என்பது. தூளியின் நீளவாக்கில், ஒரு முனைக்குத் தலையும் மறுமுனைக்குக் காலுமாக நேராகப் படுத்தால் அது உண்மையே. ஆனால் அப்படிப் படுப்பது முறையன்று. நடுக்கோட்டிலிருந்து தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளி, மூலைவிட்டமாகப் படுக்க வேண்டும். அப்போது துணி உடலின் கீழே விரிந்து கொடுத்து, முதுகு ஏறத்தாழச் சமனாகிவிடும். பதினாறாம் நூற்றாண்டிலும் அதற்கு முன்பும் தூளியில் பிறந்து தூளியில் உறங்கிய அமெரிக்கப் பழங்குடியினரின் அகலமான வலைகள் இவ்விதம் குறுக்காகப் படுப்பதற்கு இடங்கொடுப்பவை. மெக்ஸிகோவின் யூக்கட்டான் பகுதியில் இன்றும் இந்த வழக்கம் உண்டு. கனடாவின் மேற்குக் கரையைச் சேர்ந்த டாம் ஹென்னெஸி என்பவர், இந்த மூலைவிட்டப் படுக்கைக்கு ஏற்பத் துணியையே கோணலாக வெட்டித் தைத்து, கொசுவலையும் கூரையும் சேர்த்து விற்கத் தொடங்கிய பிறகு, தூளி முகாம் என்பது காட்டு யாத்திரீகரிடையே விரைவாகப் பரவியது.

இரண்டாவது ரகசியம், தொய்வு. பார்வைக்கு அழகாக இருக்கிறதென்று கயிற்றை விறைப்பாக இழுத்துக் கட்டுவதுதான் புதியவர்கள் தவறாமல் செய்யும் காரியம். விறைப்பாகக் கட்டிய தூளியில் துணியின் ஓரங்கள் தோளை நெருக்கும். உடல் மேலேறி நிற்பதால் புரண்டால் கவிழும் அபாயமும் அதிகம். கணக்குப் பார்த்தால் இதைவிடப் பெரிய கெடுதி ஒன்று புலப்படும். 70 கிலோ எடையுள்ள ஒருவர், கயிறு கிடைமட்டத்துக்கு 30 பாகை சாய்ந்திருக்கும்படி கட்டிப் படுத்தால், ஒவ்வொரு பக்கத்துக் கயிறும் தாங்கும் இழுவிசை அவருடைய எடைக்குச் சமமாக 70 கிலோ அளவில் நிற்கும். அந்தச் சாய்வைப் 10 பாகையாகக் குறைத்தால் இழுவிசை 200 கிலோவுக்கு ஏறிவிடும்; 5 பாகையாக்கினாலோ 400 கிலோ. அதே மனிதர், அதே தூளி, அதே மரங்கள். கயிற்றை இழுத்த பாவத்துக்கு இவ்வளவு பாரம். கயிறு அறுவதற்கும், முடிச்சு நழுவுவதற்கும், இளமரங்கள் உள்நோக்கி வளைவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது. ஆகவே 30 பாகை என்பதை ஒரு விதியாகவே கொள்ள வேண்டும். அநுபவசாலிகள் தூளியின் இரு முனைகளுக்கும் நடுவே, தூளி நீளத்தில் நூற்றுக்கு 83 பங்கு அளவுள்ள மெல்லிய கயிறு ஒன்றை மேலே கட்டிவிடுவார்கள். பதினோரு அடித் தூளிக்கு அது ஒன்பது அடிக்குச் சற்று மேல். மரங்கள் கிட்ட இருந்தாலும் எட்ட இருந்தாலும் அந்தக் கயிறு தொய்வை ஒரே அளவில் காத்துவிடும். மூக்குக்கண்ணாடியையும் கைவிளக்கையும் தொங்கவிடவும் அது உதவும். மரங்களுக்கிடையே 12 முதல் 15 அடி இடைவெளி இருப்பது உத்தமம். கால்மாட்டை ஒரு சாண் உயர்த்திக் கட்டினால், இரவில் உடல் கால்பக்கமாகச் சறுக்குவது நிற்கும். நடுவில் உட்கார்ந்து பார்க்கும்போது நாற்காலி உயரத்துக்கு மேல் போகாமல் இருக்க வேண்டும்; உயரமாகக் கட்டுவதால் யாதொரு பயனும் இல்லை, விழுந்தால் அடிதான் பலமாகும்.

இனி, தூளியை வெறுத்து மீண்டும் கூடாரத்துக்கே போனவர்களில் பலரை அப்படிப் போகச் செய்த விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் கீழிருந்து வரும் குளிர். தரையில் படுப்பவனுக்குத் தரையின் குளிர் மட்டுமே எதிரி. தூளியில் படுப்பவனுக்கோ முதுகுக்குக் கீழே காற்று ஓயாமல் வீசிக்கொண்டிருக்கிறது. நல்ல உறக்கப்பை வைத்திருக்கிறேனே என்று ஒருவர் கேட்கலாம். உறக்கப்பையில் நமக்கு உஷ்ணத்தைக் காத்துக் கொடுப்பது அதன் துணி அன்று, அதனுள் அடைத்த இறகோ செயற்கைப் பஞ்சோ உப்பி நின்று தன்னிடையே சிறைப்படுத்தி வைத்திருக்கும் அசையாக் காற்றுத்தான். நாம் படுத்தவுடன், முதுகின் கீழுள்ள இறகு முழுவதும் நம் எடையால் நசுங்கிக் காற்றை இழந்துவிடுகிறது. பிறகு அந்தப் பகுதியில் உறக்கப்பை இருப்பதும் ஒன்று, இல்லாததும் ஒன்று. அல்கோன்குவினில் ஜூலை மாத இரவிலும் உஷ்ணம் 10 டிகிரி சென்டிகிரேடுக்கு அருகே இறங்குவது அபூர்வம் அன்று. அப்படிப்பட்ட இரவில், மேலே கனத்த போர்வையும் கீழே ஓரடுக்குத் துணியுமாகப் படுத்தவர் நடுநிசிக்குமேல் கண்மூட முடியாது. இது தூளியின் குற்றம் அன்று; அதன் சாஸ்திரத்தைப் பாதி படித்து நிறுத்தியதன் விளைவு.

இதற்குப் பரிகாரம் இரண்டு. முதலாவது, தரையில் விரிக்கும் நுரைமெத்தையையே தூளிக்குள் விரித்துக்கொள்வது. செலவு குறைவு, மழையில் நனைந்தாலும் கெடாது. ஆனால் இரவில் நகர்ந்து நகர்ந்து முதுகை விட்டு விலகிவிடும். ஈரடுக்குத் துணியால் தைத்த தூளியானால் இரு அடுக்குகளுக்கும் நடுவே மெத்தையைச் செருகி அந்தத் தொல்லையை ஓரளவு குறைக்கலாம். இரண்டாவது, அடிப்போர்வை. இறகு அடைத்த மெத்தென்ற போர்வையைத் தூளிக்கு வெளியே, அதன் அடிப்புறத்தோடு ஒட்டியவாறு ரப்பர் நாடாக்களால் தொங்கவிடுவதே இது. நம் எடையைத் தூளித் துணி ஏற்றுக்கொள்வதால் போர்வை நசுங்குவதில்லை. உப்பியபடியே நின்று முதுகை இரவு முழுவதும் காக்கிறது. அடிப்போர்வைக்கும் தூளிக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அதன் வழியே குளிர்காற்று புகுந்துவிடும். படுத்தபின் கையை வெளியே விட்டுத் தடவிப் பார்த்து நாடாக்களைச் சீர்செய்வது நல்லது. இதன் விலை அதிகம் என்பது உண்மையே. ஆனால் அடிப்போர்வையோடு தூளியில் ஒருமுறை உறங்கியவர் நுரைமெத்தைக்குத் திரும்பக் கண்டதில்லை. கனூவில் செல்கிறவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: இறகு நனைந்தால் உப்புவதில்லை, உப்பாத இறகு உஷ்ணத்தைக் காப்பதும் இல்லை. ஆகவே படுக்கைச் சாமான்கள் முழுவதையும் நீர் புகாத பையில் இட்டு, வாயைச் சுருட்டி அடைத்துப் படகில் கட்டிவைக்க வேண்டும்.

மழையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தூளியைவிட ஓரடியேனும் நீளமான விரிப்பு ஒன்றை அதற்கு மேலே கூரைபோல் கட்டி, நான்கு மூலைகளையும் தரையை நோக்கி இழுத்துவிட்டால் போதும். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கத்துக்குக் கூரையின் அகன்ற சரிவைக் காட்ட வேண்டும். திறந்த முனையைக் காட்டக் கூடாது. மரத்தில் வழியும் மழைநீர், தூளியைக் கட்டிய பட்டை வழியாக ஓடி அதற்கு வந்துவிடாமல், நடுவழியில் ஒரு சிறு நூலைக் கட்டித் தொங்கவிட்டால், நீர் அதன் வழியே சொட்டித் தரைக்குப் போய்விடும். இம்முறையில் உள்ள பெருநன்மை, கொட்டும் மழையில் முகாமுக்கு வந்து சேரும்போதுதான் தெரியும். முதலில் கூரையைக் கட்டிவிட்டு, அதன் கீழே நனையாமல் நின்று மற்றவற்றை எல்லாம் நிதானமாக அவிழ்த்துக் கட்டலாம். புறப்படும்போது மற்றவற்றை எல்லாம் மடித்துப் பையிலிட்டபின் கடைசியாகக் கூரையைக் கழற்றலாம்.

அந்நாட்டில் மே மாத நடுவிலிருந்து ஜூன் வரையில் கறுப்பு ஈக்களும், ஜூன் ஜூலையில் கொசுக்களும் பிரயாணிகளைப் படுத்தும் பாடு சொல்லி முடியாது. தூளியை முழுவதும் மூடும் வலை அவசியம். ஓரடுக்குத் துணியாலான தூளியில் கொசு கீழிருந்தே துணியை ஊடுருவிக் கடித்துவிடும். அடிப்போர்வை இருந்தால் இந்தத் தொல்லையும் நீங்குகிறது.

கரடியைப் பற்றிய பயமும் பலருக்கு உண்டு. தூளியில் தொங்குவது கரடிக்கு விருந்து வைத்ததுபோல் ஆகுமே என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். ஆனால் கூடாரத்தின் மெல்லிய துணியும் கரடிக்கு ஒரு தடையன்று. அங்கே உள்ள கருங்கரடி பெரும்பாலும் ஆகாரத்தின் வாசனையைத் தொடர்ந்து வருவது. உணவையும் பற்பசை முதலிய வாசனைப் பொருள்களையும் படுக்கையிலிருந்து வெகு தூரத்தில், உயர்ந்த கிளையில் தொங்கவிட வேண்டும் என்ற விதி இரு சாராருக்கும் பொதுவானது.

தூளியில் படுப்பவன் உண்மையாகவே அஞ்ச வேண்டியது மரத்துக்குத்தான். அவன் தன் உயிரை இரண்டு மரங்களிடம் ஒப்படைத்துவிட்டு உறங்குகிறான். அந்த இரண்டையும், அவற்றைச் சுற்றி நிற்பவற்றையும் அண்ணாந்து பார்க்காமல் கட்டுவது மகா தவறு. உயிருள்ளதாகவும், அடிமரம் அரையடிக்குக் குறையாத விட்டம் உடையதாகவும், வேர் பிடிப்புள்ளதாகவும் உள்ள மரத்தையே தெரிந்தெடுக்க வேண்டும். பர்ச் மரத்தில் ஒரு விசேஷ ஆபத்து உண்டு. அது செத்த பிறகும் அதன் வெள்ளைப் பட்டை கெடாமல் நின்று, உள்ளே கட்டை முழுவதும் மட்கிப் போயிருப்பதை மறைத்துவிடும். மேலே இலை தளிர்த்திருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மை விளங்கும். நெருப்புப் பட்ட காட்டில் கருகி நிற்கும் மரங்களின் நடுவே தூளியே கட்டக் கூடாது. மரத்தைக் கையால் பலமாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். அசைவு அடிவரையில் தெரிந்தால், பாறைமேல் பரவிய வேர் பிடிப்பிழந்திருக்கிறது என்று அறிந்து வேறு மரம் தேட வேண்டும். காய்ந்த கிளை ஒன்று மேலே ஒடிந்து தொங்குகிற இடத்தில், தூளியானாலும் கூடாரமானாலும் படுக்கலாகாது. 1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் 4ஆம் தேதி பவுண்டரி வாட்டர்ஸ் வனத்தின்மேல் வீசிய பெருங்காற்று கோடிக்கணக்கான மரங்களைச் சில மணி நேரத்தில் சாய்த்தது. முகாமிட்டிருந்தவர்கள் பலர் காயமடைந்தார்கள். அத்தகைய காற்றின்முன் எந்தப் படுக்கையும் பாதுகாப்பன்று. வானம் கறுத்து இடி நெருங்கினால், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை முனையையும், தனித்து உயர்ந்த மரத்தையும் விட்டு, ஒரே உயரமுள்ள மரங்கள் அடர்ந்த தாழ்ந்த இடத்துக்குப் போய்விடுவதே விவேகம்.

நாம் மரத்துக்கு அஞ்சுவது போலவே மரமும் நமக்கு அஞ்ச வேண்டியிருக்கிறது. மெல்லிய கயிற்றை நேரே மரத்தில் சுற்றிக் கட்டினால், எடை ஏற ஏற அது பட்டையை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கும். இலைகள் ஆக்கும் உணவை வேருக்குக் கொண்டுசெல்லும் பாதை பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. அதைச் சுற்றிலும் அறுத்துவிட்டால் மரம் நாளடைவில் பட்டுப்போகும். ஆகவே ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலமுள்ள பாலியெஸ்டர் பட்டையை மரத்தில் சுற்றி, அதன் கண்ணியில் தூளியைக் கட்ட வேண்டும். நைலான் பட்டை எடை தாங்கத் தாங்க நீண்டுபோய், விடியும்போது நம்மைத் தரையில் உட்கார்த்திவிடும், அது வேண்டாம். ஆணி அறைவதும், கிளை வெட்டுவதும் கூடவே கூடாது. கூடாரம் மண்ணை இறுக்குகிறது, தூளி ஒரு சிராய்ப்பும் இல்லாமல் நீங்கிப் போகிறது என்று நாம் பெருமை கொள்வதற்கு இந்த அகன்ற பட்டைதான் ஆதாரம்.

தூளியைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு, அது பொருந்தாத இடங்களைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கனடாவின் வடகோடியில், மரங்களின் எல்லையைத் தாண்டிய வெட்டவெளி நிலங்களில் ஆறுகளின் வழியே கனூவில் செல்கிறவர்களுக்குத் தூளியைக் கட்ட மரமே கிடையாது; அங்கே கூடாரமே கதி. சிறு குழந்தைகளோடு செல்லும் பெற்றோர் குழந்தையைப் பக்கத்தில் அணைத்துப் படுக்க விரும்பினால், அதற்கும் கூடாரமே தகுதி. தம்பதிகள் இருவருக்கும் தனித்தனித் தூளி வேண்டும். ஒன்றில் இருவர் உறங்கலாம் என்று விளம்பரம் செய்வதை நம்ப வேண்டாம். குப்புறப் படுத்தே உறங்கிப் பழகியவர்களுக்குத் தூளி ஒத்துவராமல் போகலாம். மழை நாளெல்லாம் பெய்யும்போது உள்ளே உட்கார்ந்து சீட்டாடவும், உடை மாற்றவும் கூடாரத்தில் உள்ள வசதி தூளியில் இல்லை. எடையிலும் நினைத்த அளவு லாபம் இராது. தூளி, கூரை, வலை, மரத்தில் சுற்றும் பட்டைகள், அடிப்போர்வை எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால், இன்றைய இலேசான கூடாரத்தோடும் மெத்தையோடும் ஏறத்தாழச் சமமாகவே வரும். எடைக்காகத் தூளியை வாங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள். நித்திரைக்காக வாங்குகிறவர்கள் ஏமாறுவதில்லை.

வயது ஏறியவர்களுக்கும் இடுப்பு பிடிப்பவர்களுக்கும் இதைச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தரையில் விரித்த படுக்கையிலிருந்து விடியற்காலையில் முழங்காலை ஊன்றி எழுவது அவர்களுக்கு ஒரு தண்டனை. தூளியிலோ காலைக் கீழே விட்டால் நாற்காலியிலிருந்து எழுவதுபோல் எழுந்து நிற்கலாம். இரவில் உடல் எந்த எலும்பின்மேலும் தனியாக அழுந்துவதில்லை. தோளும் இடுப்பும் மரத்துப்போகாமல் விடிகிறது. தரையில் படுக்க முடியாது என்ற ஒரே காரணத்தால் கனூப் பிரயாணத்தையே கைவிட்டவர்கள், அந்த முடிவை மறுபரிசீலனை செய்ய இது ஒன்றே போதுமானது.

மரங்கள் சூழ்ந்த ஏரி நாட்டில், தனியாகவோ ஒரு துணையோடோ, ஜூனிலிருந்து செப்டம்பர் வரையிலான காலத்தில் கனூவேறிச் செல்பவருக்குக் கூடாரத்தைவிடத் தூளியே மேலான படுக்கை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

டொராண்டோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அல்கோன்குவின் அவர்கள் வாசலிலிருந்து ஒரு காலைப் பயணம். ஆயினும் அங்கே கனூ வழிகளில் நம்மவரைக் காண்பது இன்னும் குறைவாகவே இருக்கிறது. அந்த வாலிபர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நான் சொல்வது இதுதான். முதலில் எதையும் வாங்காதீர்கள். தெரிந்தவர் ஒருவரிடம் தூளியைக் கடன் வாங்கி, வீட்டுப் பின்புறத்து மரங்களிலோ, மோட்டார் அருகிலேயே நிற்கக்கூடிய பூங்கா முகாம் ஒன்றிலோ கட்டி, ஓர் இரவு முழுவதும் உறங்கிப் பாருங்கள். சாய்வும், மூலைவிட்டப் படுக்கையும், முடிச்சுகளும் கைக்குப் பழகட்டும். பிறகு, கொசுத் தொல்லை பெரும்பாலும் அடங்கி, ஏரிநீரில் கோடையின் இளஞ்சூடு எஞ்சியிருக்கும் ஆகஸ்டு மாதக் கடைசியில் உங்கள் முதல் கனூப் பிரயாணத்தை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரங்களில் இரவுகள் குளிரத் தொடங்கிவிடும். வேறு எதை மறந்தாலும் அடிப்போர்வையை மட்டும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.